இழவும் சொல்லும்

அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியம் அவற்றுள் இழவையும் ஒன்றாக வைத்தது. இழந்தவர் எப்போது வாய் திறக்க வேண்டும் என்று அந்நூல் நாள் குறிக்கவில்லை. நாள் குறித்த முறையொன்று அமெரிக்காவில் எழுந்தது.

1983-இல் ஜெஃப்ரி மிச்செல் என்பார் தீயணைப்போர் போன்ற மீட்புப் பணியாளருக்காக ‘டீபிரீஃபிங்’ என்னும் அமர்வை வகுத்தார். கொடிய நிகழ்ச்சி நடந்த சில நாள்களுக்குள் உடனிருந்தோரை ஒருங்கே அமர்த்தி, கண்டதையும் எண்ணியதையும் உற்றதையும் ஏழு படிகளில் சொல்லச் செய்வது அதன் நெறி. கொட்டிவிட்டால் நோய் அணுகாது என்பது நம்பிக்கை. விபத்தில் சிக்கியோரிடத்தும் தீக்காயமுற்றோரிடத்தும் அது பரவியது.

சோதித்தபோது கிடைத்த விடை வேறு. பிரிட்டனில் 1997-இல் வெளியான ஆய்வொன்றில், அமர்வுக்கு உட்பட்ட தீக்காய நோயாளருள் 26 விழுக்காட்டினர் பதின்மூன்று மாதம் கழித்து அதிர்ச்சி நோயுடன் இருந்தனர். உட்படாதவருள் 9 விழுக்காட்டினரே. முன்னவரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையானவை என்ற மறுப்பு நேர்மையானதே. ஆயினும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வு, 2002-இல், கட்டாய அமர்வைக் கைவிடுமாறு கூறிற்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. புதுவைக்கு வடக்கே, மரக்காணம் செல்லும் சாலையோரத்துப் பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களிலும் கடல் புகுந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. பெரும்பகுதி நாகை மாவட்டத்தில்.

இக்கரையில் துயருக்குச் சொல் இல்லாமல் இல்லை. இழவு வீட்டில் பெண்கள் தோள் தழுவி வட்டமாய் அமர்ந்து ஒப்பாரி வைப்பர். ஒருத்தி தொடங்க மற்றொருத்தி ஏற்பாள்; குரல் எழாதவள் வெறுமனே சாய்ந்திருப்பாள், அவளை எவரும் பாடச் சொல்வதில்லை. கருமாதியிலும் ஆண்டுத் திதியிலும் அதே சொற்கள் மீண்டும் வரும். ஒரே அமர்வில் முடிப்பது அங்கே வழக்கமன்று. ஆழிப்பேரலை முறித்தது இவ்வொழுங்கைத்தான்: பல உடல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தவற்றுள் பல மொத்தமாகப் புதைக்கப்பட்டன. யாரை நடுவில் வைத்து அழுவது?

உலக நலவாழ்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது. உணவு, உறைவிடம், உறவினர் தொடர்பு ஆகியவற்றுக்கு வழி செய்து, பேச விரும்பினால் செவிகொடுத்தால் போதும். ஒப்பாரி வட்டத்துக் கிழவிக்கு இது புதிதாயிராது.

இது மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆண்டுதோறும் அந்நாளில் கடலில் பால் ஊற்ற வருவோரிடம் கவிஞரும் குறிப்பேட்டுடன் போகிறார். “அன்று என்ன நடந்தது?” என்ற அவருடைய முதற்கேள்வியும் டீபிரீஃபிங் அமர்வின் கேள்வியும் ஒன்றே. விடை வராதபோது அவர் குறிப்பேட்டை மூடிவைத்து அங்கேயே சற்று உட்கார்ந்திருப்பாரா என்பதை இவ்வட்டத்துக் கவிஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளலாம்.