‘சார்’ என்று அழைக்கப்பட்டவர்கள்



பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆசிரியர்களைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை எனத் தமிழக–கேரள எல்லையை ஒட்டிய இந்த ஊர்கள் எந்தச் சொல்லால் அழைத்து வந்தனவோ அந்தச் சொல்லையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். ‘சார்’ என்பது அந்தச் சொல். இங்கே அது ‘சாறு’ என்று அழுத்தி ஒலிக்கும். கூப்பிடும்போது ‘சாறே’ என்று நீளும். நெல்லைப் பக்கம் போனால் ‘சார்வாள்’ ஆகிவிடும். இந்த ஆங்கிலச் சொல் மனிதருக்கு மனிதர் கொடுக்கும் மரியாதையை இந்த மண்ணில் எப்படி மாற்றியது, எங்கே அந்த மாற்றம் பாதியில் நின்றது என்பதே என் பேச்சு.

1. சர் வேறு, சார் வேறு

‘மூத்தவர்’ என்று பொருள்படும் ‘சீனியர்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பிரெஞ்சில் ‘சைர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்’ ஆனது. அங்கே அது முதலில் போர்வீரப் பிரபுக்களின் பட்டம். பின்னால் மரியாதைக்குரிய எந்த ஆணையும் விளிக்கும் சொல். வெள்ளையர் ஆட்சியில் இரண்டு பொருளும் சேர்ந்தே நம்மிடம் வந்தன. தமிழர் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது. பட்டத்தை ‘சர்’ என்று எழுதினோம், விளிச்சொல்லை ‘சார்’ என்று எழுதினோம்.

இந்த எல்லை ஊர்களுக்கு அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நன்றாகத் தெரியும். 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயரை இங்கே ‘சர் சி.பி.’ என்றே சொல்வார்கள். அவருடைய ஆட்சியில், 1938 ஆகஸ்ட் 31 அன்று, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர்விட்டார்கள். ‘சர்’ என்பது அன்று அரண்மனையும் அரசும் சூட்டும் மகுடம். அதே ஆண்டுகளில் இதே ஊர்களின் பள்ளிகளில் ‘சாறே’ என்று பிள்ளைகள் கூப்பிட்ட சொல்லுக்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். சென்னையின் எஸ். சுப்பிரமணிய ஐயரும் தம் பட்டத்தைத் துறந்தவர். விடுதலைக்குப் பின் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு இத்தகைய பட்டங்கள் வழங்குவதையே நிறுத்தியது. ‘சர்’ போய்விட்டது. ‘சார்’ மட்டும் ஊரெங்கும் நிலைத்தது. அது எதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

2. ‘அடியன்’ என்று சொல்லவேண்டியிருந்த காலம்

லண்டன் மிஷன் ஊழியரான சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலப் புலையர்கள் மேல்சாதியார் முன் எப்படிப் பேசவேண்டியிருந்தது என்று அதில் பதிவு செய்திருக்கிறார். ‘நான்’ என்று சொல்லக்கூடாது. ‘அடியன்’ என்றே சொல்லவேண்டும். தான் உண்பதைச் ‘சோறு’ என்று சொல்லக்கூடாது. அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும் ‘கரிக்காடி’ என்றே சொல்லவேண்டும். தன் வீட்டுக்கும், தன் பிள்ளைகளுக்கும்கூட இழிவான பெயர்களே இருந்தன. வாய் திறந்தவுடனே ஒருவன் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளும்படி மொழியையே சாதி வளைத்து வைத்திருந்தது.

திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு, 1829இல் வந்த அரைகுறை உத்தரவைத் தாண்டி, 1859 வரை போராடவேண்டியிருந்தது. தோள்சீலைக் கலகம் என்று நாம் படிக்கும் அந்தப் போராட்டம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு நின்றுவிடவில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலும் பரவியது. உடம்பின் மீதான தடை சட்டத்தால் தளர்ந்தது. நாவின் மீதான தடையை எந்த அறிவிப்பும் நீக்கவில்லை. அதிகாரம் உள்ளவர் தம்புரான், ஏமான். இல்லாதவர் அடியன்.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னபோதும், 1888இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியபோதும் உடைந்தது இந்தச் சாதிக் கட்டுதான். தலையில் துணி கட்டவும் கடவுளைத் தொடவும் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் கோவில் தந்த மரியாதை கோவிலோடு நின்றுவிடக்கூடும். அன்றாட வாழ்வில், சந்தையிலும் வயல் வரப்பிலும், ஒருவரை நிமிர்ந்து விளிக்க ஒரு பொதுச்சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொல் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது.

3. பள்ளிவாசலில் நடந்தது

19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பாறசாலை லண்டன் மிஷனின் ஒரு மையமாகிவிட்டது. ஜான் ஆப்ஸ் என்ற ஊழியர் இங்கே நீண்ட காலம் பணிசெய்தார். சாதி வெளியே நிறுத்திய பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில்தான் முதலில் எழுத்தைத் தொட்டார்கள். உபதேசியாரும் வாத்தியாரும் அந்தச் சமூகங்களிலிருந்தே எழுந்துவந்தார்கள்.

அரசுப் பள்ளிகளின் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. அன்றைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், வெங்கானூரில், 1863இல் பிறந்த அய்யன்காளி அந்தக் கதவைத் தட்டினார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால் உங்கள் வயலில் எங்கள் கை படியாது என்று உழைப்பாளிகளை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் எழுத்துக்காக நடத்திய போராட்டம் அது. ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் பஞ்சமி என்ற சிறுமியைக் கைபிடித்து அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். இன்று அந்தப் பள்ளி அவ்விருவரின் நினைவுப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எதிர்ப்பு படிக்காதவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. நெய்யாற்றின்கரையில் பிறந்து, திவானின் ஊழலை அஞ்சாமல் எழுதி, 1910இல் நாடு கடத்தப்பட்டவர் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை. கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை 1912இலேயே மலையாளத்தில் எழுதியவர். அதே மனிதர், புலையர் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பதைக் குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டு எதிர்த்தார். அதிகாரத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவருக்கும், தனக்குக் கீழே நிறுத்தப்பட்டவரைத் தனக்குச் சமமாகப் பார்க்க முடியவில்லை. வகுப்பறையின் பெஞ்சு எவ்வளவு பெரிய போர்க்களமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தப் பின்னணியில் ‘சாறே’ என்ற அழைப்பைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் ‘அடியன்’ என்று சொல்லவேண்டியிருந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை படித்துப் பயிற்சி பெற்று ஆசிரியராக வருகிறார். பழைய தம்புரான் வீட்டுப் பிள்ளையும் எழுந்து நின்று அவரை ‘சாறே’ என்றே கூப்பிடவேண்டும். ‘தம்புரான்’ என்ற சொல்லுக்குள் பிறப்பு இருந்தது, நிலம் இருந்தது. ‘சார்’ என்ற சொல்லுக்குள் இரண்டும் இல்லை. அது யாருடைய தாய்மொழியிலும் இல்லாத சொல். ஆகவே எந்தச் சாதிக்கும் அதில் முன்பட்டா இல்லை. படித்துப் பாடம் சொல்லித் தந்தால் போதும், அது கிடைக்கும். இந்த மண்ணில் உழைத்தே அடையக்கூடிய முதல் பொது மரியாதைகளில் ஒன்று இந்தச் சொல் என்று நான் கருதுகிறேன்.

4. பெண்ணுக்கும் அதே சொல்

தென்கேரளத்தின் இன்னொரு வழக்கம் வெளியூர்த் தமிழரை வியக்கவைக்கும். இங்கே ஆசிரியைகளையும் ‘சாறு’ என்றே அழைப்பதுண்டு. தமிழ்நாட்டில் பெண் ஆசிரியர் ‘டீச்சர்’ அல்லது ‘மிஸ்’. வடகேரளத்தில் ஆண் ஆசிரியர் ‘மாஷ்’. தென்கேரளத்தில் ஆணுக்கென்று இங்கிலாந்தில் பிறந்த சொல் சேலை கட்டிய ஆசிரியைக்கும் பொருந்திப்போனது.

இதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. தமிழில் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. ‘வந்தாய்’ என்பதும் ‘வந்தீர்கள்’ என்பதும் வேறு. மலையாள வினை யாருக்கும் மாறாது. ஆணோ பெண்ணோ, பெரியவரோ சிறியவரோ, எல்லாருக்கும் ‘வன்னு’தான். ஆகவே அங்கே மரியாதை முழுவதையும் விளிச்சொல்லே தாங்கவேண்டும். தெற்கே ‘நிங்ஙள்’ என்ற சொல்லுக்கும் போதிய மரியாதை இல்லை. மூத்தவரிடமோ ஆசிரியரிடமோ அதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். தமிழர் வாயில் முழு மரியாதையோடு வரும் ‘நீங்கள்’ எல்லையிலுள்ள இஞ்சிவிளையைத் தாண்டி மலையாளக் காதில் ‘நிங்ஙள்’ ஆகி விழும்போது குறைவாக ஒலிக்கிறது. இரண்டு மொழியிலும் புழங்கும் எல்லைக் குடும்பங்களுக்கு இந்த நுட்பம் சொல்லாமலே தெரியும். அதனால்தான் ‘சாறு எப்போது வந்தீங்க?’ என்று இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள். முன்னிலைப் பெயருக்கு உண்டான வேலையை அங்கே ‘சார்’ செய்கிறது. அந்த வேலையில் ஆண், பெண் வேறுபாட்டுக்கு இடமில்லை.

2023 ஜனவரியில் கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், ‘சார்’, ‘மேடம்’ என்பவற்றைவிட ‘டீச்சர்’ என்பதே பால் வேறுபாடற்ற நல்ல சொல் என்று கூறி, பள்ளிகளில் அதைப் பரிந்துரைத்தது. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ‘டீச்சர்’ என்பது பணியின் பெயர். அது நேர்மையான சொல். ஆனால் ஆணையம் தேடிய சமத்துவத்தை இந்த ஊர்களின் கிராமப் பள்ளிகள் முன்பே வேறு வழியில் கண்டிருந்தன என்பதையும் பதிவு செய்யவேண்டும். பெண்ணுக்குத் தனிச்சொல் தேடாமல், இருந்த உயர்ந்த சொல்லையே அவளுக்கும் கொடுத்தார்கள்.

5. அலுவலக ஜன்னலில்

வகுப்பறையில் விடுதலைச் சொல்லாக இருந்தது, அரசு அலுவலகத்தில் என்ன ஆனது? வில்லேஜ் ஆபீசிலும் காவல் நிலையத்திலும் ‘சாறே’ என்று கைகட்டி நிற்கும் முதியவரைப் பாருங்கள். அவர் குரலில் உள்ளது மதிப்பா, அச்சமா? அங்கே ‘சார்’ என்பது பழைய ‘ஏமானுக்கு’ப் புதிய பெயராகிவிட்டது. பிறப்பின் இடத்தில் நாற்காலி வந்து அமர்ந்தது. சம்பளம் தரும் மக்களே சம்பளம் வாங்குபவர்முன் குனியவேண்டியதாயிற்று.

இதைத் துணிந்து எதிர்கொண்டது பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து. 2021 ஆகஸ்ட் 31 அன்று, அலுவலகத்துக்கு வரும் மக்கள் யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்கவேண்டாம் என அது தீர்மானித்தது. ஊழியர்களைப் பெயராலோ பதவியாலோ அழைக்கலாம். விண்ணப்பங்களில் கெஞ்சும் சொற்களும் வேண்டாம். உரிமையாகக் கேட்டால் போதும். கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் இதை ஏற்றார்கள். பின்னர் வேறு பஞ்சாயத்துகளும் பின்பற்றின.

ஆனால் சொல்லுக்கென்று நிலையான தரம் கிடையாது என்பதை நீதிமன்றம் காட்டுகிறது. அங்கே ‘மை லார்ட்’ என்பதே காலனிய வழக்கு. கேரளத்தவரான நீதிபதி தோட்டத்தில் ராதாகிருஷ்ணன் கல்கத்தா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2020இல், தம்மை ‘மை லார்ட்’ என்று அழைக்காமல் ‘சார்’ என்றே அழைக்குமாறு மாவட்ட நீதித்துறையினரைக் கேட்டுக்கொண்டார். ஒரு பஞ்சாயத்தில் அடிமைத்தனமாகக் கருதப்பட்ட சொல் நீதிமன்றத்தில் சமத்துவத்தை நோக்கிய ஒரு படியாக இருந்தது. ஒரு சொல் யாரை யாருக்குமுன் நிமிரச் செய்கிறது, யாரைக் குனியச் செய்கிறது என்பதை வைத்தே அதை எடைபோடவேண்டும்.

6. நாம் செய்யவேண்டியது

பள்ளியில் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ஆசிரியைகளுக்கும் அதை விட்டுக்கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று அழைக்க விரும்பினால் எல்லாரையும் அப்படியே அழைக்கட்டும். ஒரே பள்ளியில் ஒருவருக்கு உயர்ந்த சொல்லும் இன்னொருவருக்குச் சாதாரணச் சொல்லும் இருப்பதுதான் கூடாது.

அலுவலகத்தில் மாத்தூரின் வழியே சரி. எல்லைத் தமிழருக்கு அது இன்னும் தேவை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. உரிமை ஏட்டில் இருந்தும், ஜன்னல்முன் தயங்கி நிற்கும் ஒருவர் தம் மொழியில் கேட்க எப்படித் துணிவார்? விண்ணப்பத்தின் மொழியும் விண்ணப்பிப்பவரின் முதுகும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதுவே முதன்மையானது. இதுவரை ‘சார்’ என்று அழைப்பவர்களைப் பற்றியே சட்டமும் தீர்மானமும் பேசின. அழைக்கப்படுபவர் என்ன திருப்பித் தருகிறார்? கூலித் தொழிலாளியான முதியவர் ‘சாறே’ என்கிறார். அவர் வயதில் பாதிகூட இல்லாத அலுவலர் அவரை ‘நீ’ என்கிறார். ‘அடியன்’ என்ற சொல் மறைந்துவிட்டது. ஆனால் எதிரே நிற்பவரைத் தாழ்த்திப் பேசும் உரிமை இன்னும் சிலரிடம் மிச்சமிருக்கிறது. ‘சார்’ என்ற சொல்லை ஏற்றுக்கொள்பவர் ஒவ்வொருவரும் ‘நீங்கள்’ என்றோ, ‘அம்மா’, ‘ஐயா’ என்றோ, அண்ணன், அக்கா என்றோ அதே அளவு மரியாதையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். மரியாதை ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை விளிச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. உங்களைச் ‘சாறே’ என்று அழைக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் முழுப் பெயர் சொல்லி, மதிப்போடு கூப்பிடுங்கள். நாளை அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அந்த அலுவலக நாற்காலியில் உட்காருவார். எதிரே நிற்பவரை எப்படி விளிப்பது என்பதை அவர் உங்கள் வகுப்பறையில்தான் கற்கிறார்.