கட்டுக்கோப்பே நம் பலம்

(கிளைத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பகல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கும் மில் தோழர்களும், நடவு முடிந்து காலில் சேறு காயாமல் வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். நாம் பேச வந்த விஷயத்தில் பாதியை இந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது. மீதிப் பாதியை ஒளிவு மறைவின்றிப் பேசுவோம். கட்சிக்குள் நமது ஒற்றுமை எப்படி இருக்கிறது? கட்சி வேலையில் நமது உறுதி எப்படி இருக்கிறது?

ஒற்றுமை வேண்டும் என்று சொல்லாதவர் யாருமில்லை. முதலாளிகளும் தங்கள் சங்கத்தில் அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள், செய்தும் காட்டுகிறார்கள். ஆகவே வெறும் வார்த்தையை விட்டுவிட்டு, நமது இயக்கத்தின் சொந்த அனுபவத்தைப் பார்ப்போம்.

தஞ்சை காட்டிய வழி

1943-ல் தோழர் பி. சீனிவாசராவைக் கட்சி தஞ்சை ஜில்லாவுக்கு அனுப்பியது. அவர் தென் கன்னடத்துக்காரர். தாய்மொழி கன்னடம். தஞ்சையில் அவருக்குச் சொந்தமில்லை, பந்தமில்லை, ஒரு குழி நிலமில்லை. கட்சி போ என்றது, போனார்.

அன்று பண்ணையாளின் நிலை என்ன? விடியுமுன் வயலில் இறங்க வேண்டும். இருட்டிய பிறகே கரையேற வேண்டும். ஏன் என்று கேட்டால் சவுக்கடி. எதிர்த்து நின்றால் சாணிப்பால். சீனிவாசராவ் சேரியில் தங்கினார். அங்கே கிடைத்த கஞ்சியைக் குடித்தார். அங்கேயே படுத்தார். தென்பரையில் சங்கம் எழுந்தது. கிராமம் கிராமமாகப் பரவியது. 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்கள் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். அடி வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அடித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அடி விழுந்தது. காரணம், அடி வாங்கியவன் தனியாக நின்றான். பண்ணையாள் சேரியில் நின்றான். குத்தகை விவசாயி வேறொரு தெருவில் நின்றான். இருவருக்கும் நடுவே சாதி நின்றது. இருவரையும் ஒரு கொடியின் கீழ் கொண்டுவந்த அன்றுதான் சவுக்கு கீழே விழுந்தது. இது பேச்சினால் நடந்ததல்ல. இரவு பகலாக நடந்த கட்சித் தோழர்களின் காலால் நடந்தது.

பிறகு அடக்குமுறைக் காலம் வந்தது. தலைவர்கள் தலைமறைவானார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் சிறையில் போலீஸ் சுட்டதில் 22 தோழர்கள் மடிந்தனர். மலபார் விவசாயியும் தமிழகத்துத் தோழரும் ஒரே தரையில் இரத்தம் சிந்தினார்கள். இத்தனைக்கும் பிறகு என்ன ஆயிற்று? 1952 பொதுத் தேர்தலில் சென்னை சட்டசபைக்குக் கம்யூனிஸ்டுகள் 62 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதே வருஷம் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சர்க்கார் தானாக மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. கலையாமல் நின்ற ஸ்தாபனம் வாங்கிய சட்டம் அது.

பிளவு கற்பித்த பாடம்

நல்லதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. 1964-ல் கட்சி பிளந்தது. ஏப்ரலில் டில்லியில் தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். வருஷ முடிவில் இரு கட்சிகளும் தனித்தனியே மாநாடு நடத்திவிட்டன. கொள்கை வேற்றுமை பெரியது. அது ஒரே நாளில் முளைத்ததுமல்ல. யார் பக்கம் நியாயம் என்பதை இன்று இங்கே அலசப் போவதில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

1957-ல் கேரளத்தில் ஒரே கட்சியாக நின்று மந்திரி சபை அமைத்தோம். 1965 தேர்தலில் பிரிந்து நின்றோம். ஒரு கட்சிக்கு 40 இடம், மற்றொன்றுக்கு 3. யாருக்கும் பெரும்பான்மையில்லை, சட்டசபை கூடவே இல்லை, ஜனாதிபதி ஆட்சி நீடித்தது. 1967-ல் இரு கட்சிகளும் ஒரே முன்னணியில் சேர்ந்தன. 52-ம் 19-ம் கிடைத்தன; மந்திரி சபை ஏறியது. மனக்கசப்பு முற்றியது, 1969-ல் அந்த மந்திரி சபை இறங்கியது. இந்தக் கணக்கு எழுத்தறியாத தோழருக்கும் புரியும்.

1970-ல் தொழிற்சங்கமும் இரண்டானது. ஒரே மில் கேட்டில் இரண்டு சிவப்புக் கொடிகள் பறந்தன. எந்தச் சங்கத்தோடு பேசுவது என்று முதலாளி சாவகாசமாகக் கேட்டான். பஞ்சுத் தூசியை சுவாசித்தவன் மட்டும் இரண்டு சந்தா ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

ஒரு கிளையின் கதை

நாம் நன்கறிந்த ஒரு கிளை. பெயர் வேண்டாம். அறுவடைக் கூலி கேட்டு முதல் நாளே வேலைநிறுத்தம் செய்வதா, பேச்சுவார்த்தைக்கு ஒரு வாரம் கொடுப்பதா என்று விவாதம். 11 பேர் உடனே என்றார்கள். 8 பேர் பொறுப்போம் என்றார்கள். தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் களத்துக்கு வந்தது 11 பேர் மட்டுமே. மற்ற எட்டுப் பேரும் திண்ணையில் உட்கார்ந்து, “நாங்கள் அப்போதே சொன்னோம்” என்றார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடையை முடித்துக்கொண்டார்கள். கூலி உயரவில்லை.

அந்த எட்டுப் பேர் செய்தது பெரும் பிழை. ஆனால் குற்றம் அவர்களோடு முடிந்ததா? பிறகு நடந்த சுயவிமர்சனத்தில் உண்மை வெளிவந்தது. கிளைச் செயலாளர் கால் மணி நேரத்தில் விவாதத்தை முடித்துவிட்டார். எழுந்த ஒரு தோழரை உட்கார் என்று அதட்டினார். பேச விடாதவனிடம் உழைப்பை எதிர்பார்க்க முடியுமா? வாயை அடைத்து வாங்கிய ஒற்றுமை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஆகவே முறை இதுதான். தீர்மானத்துக்கு முன் யாரும் எதையும் பேசலாம். மேல் கமிட்டித் தோழரையும் கேள்வி கேட்கலாம். தீர்மானமான பின் எல்லோரும் ஒரே கையாக இயங்க வேண்டும். தவறென்று கண்டால் அடுத்த கூட்டத்தில் திருத்தலாம். டீக்கடையில் திருத்தக் கூடாது. இதில் முதல் பாதியை மறந்தால் அதிகாரம் வளரும். இரண்டாம் பாதியை மறந்தால் கோஷ்டி வளரும். இரண்டும் எதிரிக்கே லாபம்.

வெண்மணி எதைக் கேட்டது?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்று நிலப்பிரபுக்கள் நெருக்கினார்கள். அந்த ஏழைகள் கொடியை இறக்கவில்லை. 44 உயிர்களை ஒரே குடிசையில் கொளுத்தினார்கள். பெண்கள், முதியவர்கள், பால்மணம் மாறாத குழந்தைகள். 1973-ல் ஹைகோர்ட் நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது.

தோழர்களே! அரைப்படி நெல்லைவிடச் சங்கத்தைப் பெரிதென்று நினைத்தார்கள் அவர்கள். நாமோ மாதம் ஒரு கிளைக் கூட்டத்துக்கு நேரமில்லை என்கிறோம். சந்தா பாக்கி, பத்திரிகைப் பணம் பாக்கி, போன தடவை தலைவர் பதவி கிடைக்கவில்லை என்று கோபம். வெண்மணிச் சாம்பலின் முன் நின்று இந்தக் காரணங்களைச் சொல்ல நமக்கு நா எழுமா?

இன்று மில்லில் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் காண்டிராக்ட் தொழிலாளி நிற்கிறான். விடுதியில் அடைபட்ட இளம் பெண்கள் இரவு ஷிப்டில் நூல் இழைக்கிறார்கள். வயலில் மெஷின் இறங்கி வேலை நாள் குறைந்துவிட்டது. இவர்களையெல்லாம் யார் திரட்டுவது? நம்மை விட்டால் வேறு யார்?

கிளைக்குத் திரும்பியதும் மூன்று காரியம் செய்வோம். வராமல் நின்றுவிட்ட தோழரின் வீட்டுக்குப் போவோம். குறையைச் சொல்லச் சொல்லிக் கேட்போம். பேசாமல் விட்ட மனத்தாங்கலைக் கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்ப்போம். எடுத்த தீர்மானத்தை, எதிர்த்து ஓட்டளித்தவரும் சேர்ந்து நிறைவேற்றுவோம்.

சீனிவாசராவ் 1961-ல் மறைந்தார். சொத்தென்று எதையும் விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றது ஒரு ஸ்தாபனத்தை. அதைக் கட்டிக் காப்பது நமது கடமை!