ஊளம்பாறை என்றால் பயமா?



திருவனந்தபுரத்தில் யாராவது கொஞ்சம் முன்கோபமாகப் பேசினால் போதும். "இவனை ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்று கேலி செய்வார்கள். தமிழ்நாட்டில் இதையே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள்.

ஊளம்பாறையில் என்ன இருக்கிறது? அரசு மனநல மையம் இருக்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலும் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. நோயைத் தீர்க்கும் இடத்தின் பெயரே வசவாகிவிட்டது. இதனால் யாருக்கு நஷ்டம்?

சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல உழைப்பாளி. மூன்று மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பசி இல்லை. தலைவலிக்கு மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கு மருந்து என்று மாறி மாறிச் சாப்பிடுகிறார். குணமில்லை. மகள் சிரித்துப் பேசினால்கூட அவர் முகம் மலர்வதில்லை. "நான் இருந்து என்ன பயன்?" என்று ஒருநாள் மனைவியிடம் சொல்கிறார்.

மனைவிக்குப் புரிகிறது. ஆனால் பயம். "ஊளம்பாறைக்குப் போனது தெரிந்தால் மகளை யார் கட்டுவார்கள்?" என்று நினைக்கிறார். வாயை மூடிக்கொள்கிறார்.

இங்கே நோய் ஒன்று. பயம் இன்னொன்று. நோய்க்கு மருந்து உண்டு. பயம்தான் அந்த மருந்தை நெருங்க விடுவதில்லை.

இந்தப் பயம் சும்மா வரவில்லை. திருவனந்தபுரம் மனநல மையத்தின் வரலாறு 1870இல், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் மனநோய்க்கு நல்ல மருந்து கிடையாது. நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் வழி என்று நினைத்தார்கள். இந்தியாவில் 1912இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'பைத்தியம்' என்ற சொல் இருந்தது. உள்ளே போனவர் திரும்ப மாட்டார் என்று மக்கள் அஞ்சினார்கள்.

இன்று நிலைமை வேறு. 1950களில் மனநோய்க்கு நல்ல மருந்துகள் வரத் தொடங்கின. இப்போது பெரும்பாலானவர்கள் காலையில் வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். காய்ச்சலுக்குப் போவது போலத்தான். படுக்கையில் சேர வேண்டியவர்கள் சிலரே.

பயந்து மறைத்தால் என்ன ஆகும்? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. அங்கிருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே தலைகுனிந்தது.

கோயிலுக்குப் போங்கள், பள்ளிவாசலுக்குப் போங்கள், தேவாலயத்துக்குப் போங்கள். மனதுக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் டாக்டரிடமும் போங்கள். யாரையும் கட்டி வைக்காதீர்கள்.

2017இல் புதிய மனநலச் சட்டம் வந்தது. அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது சொல்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன வேதனையில் இருந்தவராகக் கருதி, அரசு அவரைக் கவனித்து உதவ வேண்டும் என்கிறது.

சரி, முதலில் எங்கே போவது? ஊளம்பாறைக்கே நேராகப் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். நாட்டில் 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் உண்டு. போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

டாக்டர் என்ன செய்வார்? முதலில் கேட்பார். தூக்கம், பசி, வேலை, குடும்பம், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் கேட்பார். சிலருக்கு மனம் விட்டுப் பேசும் ஆலோசனையே போதும். சிலருக்கு மாத்திரை வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு நாளில் வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். "பலன் இல்லை" என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தானாகவும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டம், தூக்கமின்மை, எதிலும் ஆசையின்மை இருந்தால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றே அழைத்துப் போங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

அந்தத் தொழிலாளியின் மனைவி என்ன செய்யலாம்? "நான் கூட வருகிறேன், வாங்க" என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை பாதி பாரத்தை இறக்கிவிடும். மகளின் கல்யாணத்துக்கு அப்பா வேண்டும். அப்பா உயிரோடு, தெம்போடு வேண்டும். ஊரார் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும்.

நாமும் ஒன்று செய்யலாம். ஊளம்பாறையை வசவாகச் சொல்வதை இன்றோடு விட்டுவிடலாம். அந்த வசவைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் அழுகிறவர் நம் பக்கத்திலேயே இருக்கலாம். அவர் டாக்டரிடம் போகும் வழியை நாம் அடைக்க வேண்டாம்.