முடிவு வரும்வரை ரத்தம் காத்திருக்குமா?

மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களே, ரத்த வங்கி மருத்துவர்களே, ஆய்வக நுட்பநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நுட்பநர்களைத் தனியே விளித்தது சும்மா அல்ல. விபத்து சிகிச்சை மாநாடு என்றால் மேடை முழுவதும் அறுவை மருத்துவர்கள். மாதிரிக் குழாயைச் சுழற்றுபவருக்கு எப்போதும் பின்வரிசைதான். இன்றைய பொருளோ அவர் கையில் இருக்கிறது.

2003இல் லண்டனில் கரீம் புரோஹியும் குழுவினரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அடிபட்டு வருவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மருத்துவமனை வாசலிலேயே ரத்தம் உறையும் தன்மை கெட்டிருந்தது. அவர்களிடையே இறப்பும் ஏறத்தாழ நான்கு மடங்கு. நாம் ஏற்றும் சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால்தான் இந்தக் கேடு என்ற பழைய எண்ணம் அத்தோடு ஆட்டம் கண்டது.

இந்த உறைவுக் கேட்டைக் கண்டுபிடிக்க நாம் வைத்திருக்கும் கருவி என்ன? ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஐ.என்.ஆர். பரிசோதனைகள். ஆர்மண்ட் குயிக் 1935இல் தந்தது பி.டி.; ஐ.என்.ஆர். உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோருக்காக வந்த அளவுகோல். உயிர் ஊசலாடும் காயத்துக்காக இரண்டும் பிறக்கவில்லை. மாதிரியைச் சுழற்றிச் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய பிளாஸ்மாவை 37 டிகிரியில் சோதிக்கிறோம். நோயாளியின் உடலோ 33 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கலாம். அந்தக் குளிர் செய்யும் கெடுதல் அறிக்கையில் தெரியாது. உறைவு எப்போது தொடங்கியது என்று எண் சொல்லும். உறைந்த கட்டி உறுதியாக நின்றதா, கரைந்ததா என்பதைச் சொல்லாது. மாதிரி எடுக்கும் நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் இருக்க வேண்டும். அவசரத்தில் பாதி நிரப்பி அனுப்பினால் நல்ல ரத்தமும் கெட்டதாகத் தெரியும். சலைன் ஓடும் கையிலேயே ஊசி குத்தினாலும் அப்படித்தான்.

முழு ரத்தத்தையே சோதிக்கும் வழி 1948இலேயே ஹைடல்பெர்க்கில் ஹெல்முட் ஹார்டெர்ட்டிடமிருந்து வந்துவிட்டது. சிறு கிண்ணத்தில் ரத்தம், நடுவில் ஓர் ஊசித் தண்டு. ரத்தம் கெட்டிப்படப் படத் தண்டின் அசைவு மாறும். அந்த வழியில் வந்தவைதான் டெக், ரோட்டெம் கருவிகள். ரோட்டெமில் உறைவு தொடங்கிய ஐந்தாவது நிமிட அளவே உறைகட்டிக்கு அடிப்படையான ஃபைப்ரினோஜன் புரதத்தின் குறைவைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும் ரத்தப்போக்கில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதானே!

ஆனால் இந்தக் கருவிகளை வாங்கி வைத்தால் போதுமா? 2016இல் டென்வரில் 111 பேரிடம் நடந்த சோதனையில் டெக் வழிநடத்திய பிரிவில் இறப்பு குறைந்தது. 2021இல் வெளிவந்த ஐரோப்பிய ஐடாக்டிக் சோதனையில் 396 பேர். அதில் இத்தகைய கருவிகளுக்கும் வழக்கமான பரிசோதனைகளுக்கும் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தவன் என்ற முறையில் என் கருத்து இது: முடிவு கைக்கு வரும் நேரத்தைக் குறைக்காமல் கருவியை மட்டும் மாற்றுவது பணத்துக்குக் கேடு. நேரத்தின் அருமைக்கு இன்னொரு சான்று: எந்த உறைவுப் பரிசோதனைக்கும் காத்திராமல், உறைகட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தே 2010இல் கிராஷ்-2 ஆய்வு உயிர் காத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். அந்த மருந்தும் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பயன், பிந்தினால் தீங்கு.

ஆகவே இன்று கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் படத்தில் கருவியின் பெயர் வேண்டாம். ஊசி குத்தியதிலிருந்து முடிவு மருத்துவரைச் சேரும்வரை உங்கள் மருத்துவமனையில் எத்தனை நிமிடம், அதில் மாதிரி யார் கையில் எத்தனை நிமிடம் கிடந்தது என்பதைப் போடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.