பிழிந்த பிறகு சுடும் கம்பி

முறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும்: மாவு பதமாக இருக்கும்போதே சுற்றிவிட வேண்டும். எண்ணெயில் வெந்து மொறுமொறுவென்று ஆனபின் வளைத்தால் ஒடிந்துவிடும். மின்கம்பி ஒன்றையும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தக் கம்பியில் இருப்பது நையோபியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் கூடிய ஒரு சேர்மம். மைனஸ் 255 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால், துளியும் தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும். இப்படிப்பட்டதை மீகடத்தி என்கிறோம். இந்தச் சேர்மத்தின் இப்பண்பை 1954இல் கண்டார்கள். ஆனால் பீங்கான் போல நொறுங்குமே, கம்பியாக இழுப்பது எப்படி?

1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் குன்ஸ்லர் என்பவரின் குழுவினர் வழி கண்டார்கள். நையோபியக் குழாய்க்குள் இரண்டு உலோகங்களின் பொடியையும் அடைத்தார்கள். குழாயை மெல்லிய கம்பியாக இழுத்தார்கள். அதன் பிறகுதான் உலையில் சுட்டார்கள். சூட்டில் இரண்டும் கூடி, நொறுங்கும் பொருள் கம்பிக்குள்ளேயே பிறந்தது! எனக்கு இன்றும் வியப்புதான்.

தென் பிரான்சில் கட்டப்படும் இட்டர் அணுக்கரு இணைவு உலையின் பெரிய காந்தங்கள் பலவற்றிலும் இதே சேர்மம்தான். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இழைகள்; மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். செம்பிழைகளோடு முறுக்கி, வடமாக்கி, ஆளுயரத்தைத் தாண்டும் சுருளாகச் சுற்றி, சுமார் 650 டிகிரியில் வாரக்கணக்கில் சுட்டார்கள்.

சுட்டபின் மின்காப்பு நாடா சுற்றவேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு சுற்றையும் மெல்லப் பிரித்து, இம்மியளவுக்கு மேல் வளையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.