பெயர் கேட்காத கூட்டம்

குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாகப் பாராமல் நோயாகக் கருதி, அதிலிருந்து மீள விழைவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு, 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் தோன்றியது. சுருக்கமாக ஏ.ஏ. எனப்படும் இதன் கூட்டங்கள் சென்னை உள்ளிட்ட தமிழக நகரங்களிலும் நடைபெறுகின்றன. அங்கே கட்டணம் இல்லை, முகவரி கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அறிவுரை கூறுவோர் மேடையில் இல்லாமல், குடித்து மீண்டவர்களே தம் அனுபவத்தைச் சொல்வதுதான் இம்முறையின் வலிமை எனலாம்.

குடிநோயாளிகள் மட்டும் கூடுவது மூடிய கூட்டம் என்றும், குடும்பத்தாரும் பிறரும் வரக்கூடியது திறந்த கூட்டம் என்றும் வழங்கப்படுவதால், தயங்குவோர் முதலில் திறந்த கூட்டத்துக்குச் சென்று, எதுவும் பேசாமல் கேட்டுவிட்டுத் திரும்பலாம். ஒரு குழு ஒத்துவராவிட்டால் மற்றொன்றை நாடுவதில் தவறில்லை. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்னும் தனி அமைப்பும் உண்டு.

எனினும், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், அத்தகையோர் மருத்துவரையே முதலில் காண வேண்டும். போதை மீட்பு உதவிக்கான மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.