வேரில்லாப் பல்லுக்கு முரசே காவல்



பல் வைத்தியர்கள் கூடுவதென்றால் கொழும்பு, பேராதனை என்றே பழகிவிட்டோம். இம்முறை பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வந்திருக்கிறோம். இங்கே களப்பில் இறால் பிடிக்கும் ஒருவர் மட்டக்களப்புக்குப் போய்ப் பல்லைக் காட்டிவர ஒரு நாள் உழைப்பை இழக்க வேண்டும். பல் போன இடத்தில் தாடையெலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் எத்தனை காலம் நிலைக்கும் என்று பேசும்போது அந்த ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

1952இல் சுவீடனில் பேர்-இங்வார் பிரோனமார்க், முயலின் காலெலும்பில் பதித்திருந்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகுகளைப் பதித்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவற்றின் மேல் பொருத்திய பற்களாலேயே மென்று சாப்பிட்டார். நோயாளிகளிடம் நாம் இந்தக் கதையை விரும்பிச் சொல்கிறோம். பத்து ஆண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்ப்ளான்டுகள் வாயில் இருக்கின்றன என்றும் சொல்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் திரும்பி வந்தவர்களை வைத்துப் போட்டது. வராமல் போனவரின் வாய்க்குள் என்ன நடந்தது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

வாயில் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. 1986இல் அல்பிரெக்ட்சனும் தோழர்களும் இதற்கு ஓர் அளவு வகுத்தார்கள்: முதல் ஆண்டுக்குப் பின், சுற்றியுள்ள எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் தேயக் கூடாது. அது நகநுனியிலும் மெல்லிய அளவு. பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைக்காமல் யாருக்கும் தெரியாது. நோயாளிக்கும் தெரியாது. இயற்கைப் பல்லைச் சுற்றி நார் இருக்கிறது. அழுத்தத்தை அது உணர்ந்து சொல்லும். இம்ப்ளான்டுக்கு அந்த நார் இல்லை. முரசின் இழைகளும் அதற்குள் வேரோடிப் பிடிப்பதில்லை, பக்கத்தில் படுத்தே கிடக்கின்றன. அழுக்குப் படிந்து சீழ் பிடித்தால் வலி சொல்லாமலே நோய் எலும்புவரை இறங்கிவிடும். சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் சுருட்டு, பீடி விடாதவருக்கும், முன்பு முரசு நோயால் பல்லை இழந்தவருக்கும் ஆபத்து இன்னும் கூட.

முரசு நோய் என்று சொல்லும்போது நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வை நினைக்காமல் என்னால் கடந்து போக முடியாது. 1970இல் ஹரால்ட் லோவும் குழுவினரும் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பல் வைத்தியம் எட்டியதே இல்லை. பல் தீட்டும் பழக்கமும் இல்லை. 1985வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதளவில் பற்கள் ஏறத்தாழ முழுதும் போயின. 81 வீதத்தினருக்கு மெல்ல நகர்ந்தது. 11 வீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் போகவில்லை. 2010இல் மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த 480 பேரில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது. கவனிக்காமல் விட்ட வாய் என்ன ஆகும் என்று உலகத்தின் எந்தப் பல் வைத்திய மாணவரும் படிப்பது மலையகத்து லயத்து மனிதரின் வாயிலிருந்துதான். அந்த அறிவு எல்லா நாட்டுக்கும் போனது, அவர்களுக்குச் சிகிச்சையாகத் திரும்பி வரவில்லை. எனக்கு இது இன்றும் வலிக்கிறது. யாருக்கும் இம்ப்ளான்ட் பதிக்குமுன் அவர் அந்த எட்டு வீதத்தில் ஒருவரா என்று கேட்க வேண்டியது நாம் அந்தத் தொழிலாளருக்குப் பட்ட கடன்.

இன்னொன்று. அண்மையில் இப்பக்கத்து ஐயா ஒருவர் என்னிடம் வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போயிருந்தபோது வைத்த இம்ப்ளான்ட். மேலே பூட்டிய பல்லின் திருகு தளர்ந்துவிட்டது. எந்தக் கம்பனி, என்ன அளவு என்று அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பல கம்பனிகளுக்குத் திருகுச் சாவி வேறு வேறு. எக்ஸ்ரேயைப் பார்த்து அனுமானித்து, சாவி தேடிப் பிடிக்க மூன்று வாரம். அதுவரை ஐயா கஞ்சிதான் குடித்தார். இது சுனாமியிலும் இடப்பெயர்விலும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையே தொலைத்த சனங்களின் கரை. ஆதலால் இம்ப்ளான்டின் விவரம் எழுதிய அட்டையை நோயாளியிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு பிரதியை நாமும் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் தொலைபேசிக்கும் ஒரு படம் அனுப்பி வைக்க வேண்டும்.

பகல் அமர்வுக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கிறேன்: நீங்கள் இம்ப்ளான்ட் வைத்தவர்களில் கடந்த ஓராண்டாகத் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தேடி இந்தப் பாலத்தைத் தாண்டி மாதம் ஒருமுறை யார் வருவது என்பதைப் பொழுது சாயுமுன் தீர்மானிப்போம். கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.